பதினாலாம் பக்கத்து முகம்

பல்லை வரைவது கஷ்டம்.

மூக்குக்கு ஒரு கோடு போதும். காதுக்கு ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்களே காது என்று எடுத்துக்கொள்வார்கள். பல் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒவ்வொன்றாக வரைந்தால், சிரிக்கிறவன் மக்காச்சோளத்தைக் கவ்விக்கொண்டிருப்பது போல ஆகிவிடும். வரையாமல் வெள்ளையாக விட்டால் வாயில் வெள்ளரிப்பத்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான் என்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நீங்கள் கையில் வைத்திருக்கும் ‘துப்பறியும் வளவன்: காணாமல்போன பல்செட்’ என்கிற பதினாறு பக்கக் காமிக்ஸை வரைந்தவன் நான். பெயர் விக்ரமன், வயது முப்பத்தொன்று. செஞ்சி பஜாரில் என் நைனா பூபதி நடத்தும் பாத்திரக்கடையில் உட்கார்ந்து பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறேன். கல்யாண வரிசைக் குடம், சீமந்தத் தாம்பாளம், மொய்க்குக் கொடுக்கிற டம்ளர் செட் என்று எதுவானாலும் மிஷின் ஊசியைப் பிடித்தால் கை நடுங்காது. இந்த ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் கேட்டாலும் என் எழுத்தை உதட்டில் வைத்துத்தான் குடிப்பீர்கள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் நான் குட்டியாக ஒரு நட்சத்திரம் போடுவேன். கலைஞன் என்றால் ஒரு அடையாளம் வேண்டும் அல்லவா. அந்த நட்சத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என்னைக் கவிழ்க்கும்.

காமிக்ஸ் வரையத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. முதலில் பெரிய கதையாகத்தான் யோசித்தேன். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சியில் ஒரு கொலை, கீழே அடுக்கடுக்காக நிற்கிற கல்யாண மகாலில் ஒரு பிணம், நடுவே கையில் டார்ச்சோடு என் ஹீரோ வளவன். கல்யாண மகாலை வரைந்து நைனாவிடம் காட்டினேன்.

“இட்லியா?” என்றார்.

“கோட்டை, நைனா.”

“அப்போ இன்னாத்துக்கு அடுக்கி வெச்சிருக்கற?”

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. டிபன் இட்லிதான் என்பதும் ஒரு காரணம்.

போனில் படம் வரையச் சொல்லித்தருகிற ஒருவர் இருக்கிறார். அவருடைய முதல் பாடம்: மனசில் இருப்பதை வரையாதே, கண் முன்னால் இருப்பதை வரை. எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. கொலையை நான் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் கொலை வரவில்லை. துப்பறியும் கதைக்கு ஒரு குற்றம் வேண்டும். அந்தக் குற்றம் என் கண் முன்னால் நடக்க வேண்டும். எங்கள் பஜாரில் கடைசியாக நடந்த குற்றம் பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பு மாறிப்போனது. அதையும் மறுநாள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஆறு வாரம் காத்திருந்தேன். அந்தப் பொறுமையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

எங்கள் கடைக்கு எதிரே இருப்பது சொக்கலிங்கம் மாமாவின் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால் மாமா ஒரு கை அள்ளி, உடைத்து, ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடிப்பார். சத்தத்தை வைத்தே காய்ச்சல் போதுமா, ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கடியின் மேல்தான் அந்த மண்டி நிற்கிறது. மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் என்பது பஜாருக்கே தெரியும். அதில் ஒரு பல்லுக்குத் தங்கப்பூண் வேறு. மத்தியானம் சாப்பிட்டதும் பல்லைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, மூட்டை மேல் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த டம்ளருக்குப் பெயர் வெட்டியதும் நான்தான்.

அந்த மண்டியில் பதினெட்டு வருஷமாகப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, டீ வாங்கி, டம்ளர் கழுவி வந்தவர் நாகம்மாள். நாங்கள் நாகம்மாக்கா என்போம். மாமாவுக்கு டீ வாங்கப் போனால் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வருவார். சர்க்கரை தூக்கலாக. நான் கேட்டதே இல்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டேகால். என் வளவன் முதல் பக்கத்தில் சிரிக்க வேண்டும், பல் வரவில்லை. எதிரே ஒரு டம்ளரில் முழு வரிசையும் அசையாமல், கூலி கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. தெருவைத் தாண்டினால் பன்னிரண்டு அடி. தாண்டினேன். இதற்குத் திருட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓவியத்தில் இதற்கு மாடல் என்று பெயர்.

அரை மணி நேரத்தில் திருப்பி வைப்பதாகத்தான் திட்டம். பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, சாய்வாக ஒன்று முடித்தேன். கீழிருந்து பார்க்கிற கோணத்தைத் தொடங்கும்போது எதிரே சத்தம் கேட்டது. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நேர்மையாகச் சொல்கிறேன், திருப்பிக் கொடுக்கத்தான் போனேன்.

“நாகம்மா, டம்ளர் எங்க?” மாமாவின் உதடு உள்ளே மடிந்திருந்தது.

“கழுவிக் கவுத்துட்டேன் மொதலாளி.”

“உள்ள இருந்தது?”

“உள்ள தண்ணிதான இருந்திச்சி.”

அவர் சொன்னது சரி. நான் எடுத்த பிறகு உள்ளே தண்ணீர்தான் இருந்தது. வெறும் தண்ணீர் இருக்கிற டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது அவர் வேலை. அவர் தன் வேலையைச் செய்திருந்தார்.

சாக்கடையில் குச்சி விட்டுத் துழாவினார்கள். மூட்டைகளை நகர்த்தினார்கள். பிறகு யாரோ, “அதுல தங்கம் இருக்குது இல்ல?” என்றார்கள். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் ஆணியில் மாட்டியிருந்த நாகம்மாக்காவின் பையைப் பார்த்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் சட்டைப்பை வாய் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். நாங்கள் கடைக்காரர்கள். கடைக்காரர் பையைப் பார்க்கிற வழக்கம் எங்கள் பஜாரில் இல்லை.

யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே பையைத் தராசுத் தட்டின் மேல் கொட்டினார். டிபன் பாக்ஸ், சீப்பு, ரேஷன் கார்டு, மகள் மோனிகா கேட்டிருந்த ஹேர் கிளிப். “பாத்துக்குங்க” என்றார். சத்தம் போட்டு அழவில்லை. கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணீர் நேராக இறங்காமல் பாதிக் கன்னம் வந்து மூக்கோரமாகத் திரும்பியது. அழுகையை இதுவரை யாரும் அப்படி வரைந்து நான் பார்த்ததில்லை.

கையைச் சட்டைப்பைக்குள் விட்டேன். பல்லைத் தொட்டேன். பிறகு கடைக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன்.

“நாளைலேர்ந்து வராத” என்று மாமா சொன்னபோது அவர் முகமும் நன்றாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிமேட்டிலிருந்து ஒருவர் எட்டு மூட்டை கொண்டுவந்தார். மாமா என்னைக் கூப்பிட்டார். “டேய் விக்ரமா, உனக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்குதே, வந்து கடி.” கடித்தேன். ‘கடக்’ என்றது. சரக்கு பிரமாதம் என்றேன். மூன்றாம் நாள் மூட்டைக்குள் பூசணம் பூத்திருந்தது. ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பல்லைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் நான் பொய் சொல்ல நேரவில்லை.

வெள்ளிக்கிழமை வல்லத்தில் மாமாவின் பேத்தி யுவஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது பெண் வீட்டுப் பெரியவர், ‘எங்க பொண்ணக் குடுக்க எங்களுக்குச் சம்மதம்’ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று முறை கேட்டார். நாலாவது முறை, “பெரியவருக்கு இஷ்டமில்லையோ?” என்றார். மேளக்காரர் நிறுத்திவிட்டார். யுவஸ்ரீ தாத்தாவையே பார்த்தாள்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் பை. பையில் கர்ச்சீப். கர்ச்சீப்பில் பல். எழுந்து பத்து அடி நடந்தால் முடிந்தது.

மாமா துண்டை எடுத்தார். பொக்கை வாயால், காற்றாக, “சம்மதம், சம்மதம், சம்மதம்” என்று மூன்று முறை சொன்னார். யுவஸ்ரீதான் முதலில் சிரித்தாள். பிறகு மாமா சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நான் ஒன்றும் கல் இல்லை. பதினோராம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். புத்தகத்தில் அதுதான் நல்ல பக்கம். நான் எழுந்து நடந்திருந்தால் அந்தப் பக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை பல்லைத் திருப்பி வைத்தேன். சும்மா வைக்கவில்லை. உப்புப் போட்டுக் கழுவினேன். கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. ஒன்பது வருஷமாக என் கையில் எந்தப் பொருள் வந்தாலும் பெயர் வெட்டாமல் கீழே வைத்ததில்லை. மேலும், ஒரு முறை தொலைந்த பொருள் மறுபடி தொலையலாம். பெயர் இருந்தால் வீடு வந்து சேரும். அண்ணத்தில் ஒட்டுகிற பகுதியின் கீழ்ப்பக்கம், நாக்குப் படுகிற இடத்தில் தாராளமாக இடம் இருந்தது. ‘சொக்கலிங்கம், செஞ்சி’ என்று வெட்டினேன். ரோஸ் கலரில் எழுத்து அழகாக விழுந்தது. இலவசமாகச் செய்தேன்.

பிறகு தராசுக்குப் பின்னால் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். நாகம்மாக்காவின் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இங்கே என் கணக்கு கொஞ்சம் தப்பிவிட்டது. “பாத்தியாடா, பயந்துகிட்டு யார் கையிலயோ குடுத்து வெக்கச் சொல்லியிருக்கறா. எடுக்காதவ எதுக்குத் திருப்பி வெக்கறா?” என்றார் மாமா. பஜார் முழுக்க அதை ஒத்துக்கொண்டது. அதுவரை சந்தேகமாக இருந்தது, நான் திருப்பி வைத்ததும் உறுதியாகிவிட்டது.

வருத்தப்பட்டேன். ஆனால் கதையில் ஒரு திருப்பம் கிடைத்துவிட்டதையும் மறைக்க விரும்பவில்லை. பதின்மூன்றாம் பக்கம் அதுதான்.

பதினாலாம் பக்கத்தில் குற்றவாளியின் முகம் வர வேண்டும். முதல்முறை வரைகிறவனின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. ஒரு முகத்தை ஒரு கட்டத்தில் வரைந்தால் அடுத்த கட்டத்தில் அது வேறு ஆளாகிவிடும். என் வளவனே ஐந்தாம் பக்கத்தில் ஒரு மாதிரி, ஆறாம் பக்கத்தில் அவனுடைய தம்பி மாதிரி. எட்டு மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாலும் அதே ஆளாக வந்த முகம் ஒன்றே ஒன்றுதான் என் கையில் இருந்தது. அந்தக் கீழுதடு, மூக்கோரம் திரும்புகிற கண்ணீர். அதை வைத்தேன். ‘பிடிபட்டாள்’ என்று மேலே எழுதினேன்.

எதிர்க்கடையில் அந்த நேரம் நாகம்மாக்கா இல்லை. பெருக்குகிற வேலை கேட்டு நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. கடையிலேயே நல்ல கனமான சொம்பாக ஒன்றை எடுத்து, ‘நாகம்மாள்’ என்று வெட்டி, வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். “தைரியமா இருங்கக்கா” என்றேன். “நீ ஒருத்தனாவது நம்புறியே தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நம்பினேன். அவர் எடுக்கவில்லை என்று இந்த ஊரிலேயே உறுதியாக நம்பியவன் நான் ஒருவன்தான்.

நாற்பது பிரதி எடுத்தேன். ஜெராக்ஸுக்கு அவலூர்பேட்டை போனேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கும்போது எதற்கு அங்கே போனாய் என்று கேட்பீர்கள். அங்கே பேப்பர் கனம். செஞ்சிக் கடையில் மோனிகா வேலை செய்கிறாள் என்பது தற்செயல்.

புத்தகம் வெளிவந்த இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. டீக்கடையில் ஒருவர் படித்துக் காட்ட ஏழு பேர் சிரித்தார்கள். சிரித்த ஏழு வாயிலும் பல் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டேன். பதினாலாம் பக்கம் வந்ததும், “ஏய், இது நாகம்மா இல்ல? அப்படியே உரிச்சி வெச்சிருக்கறான்டா” என்றார்கள். என் படத்தைப் பார்த்து ஒருவர் ஆளை அடையாளம் கண்டுபிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தை எனக்கு விளக்கத் தெரியவில்லை. மாமாவிடமிருந்து மட்டும் பாராட்டு வரவில்லை. பல் திரும்பி வந்ததிலிருந்து அவருக்கு ஒரு தொல்லை. “வாய மூடுனா நாக்கு ஏதோ படிச்சிக்கினே இருக்குதுடா” என்பார். வயசு மாமா என்றேன்.

மூன்றாம் நாள் அம்மாவின் குடையை எடுக்க மண்டிக்கு மோனிகா வந்திருக்கிறாள். மாமா அவளிடமும் இதே நாக்குப் புராணத்தைப் பாடியிருக்கிறார். “கழட்டுங்க, பாக்கறேன்” என்றிருக்கிறாள். கழற்றியிருக்கிறார். போன் டார்ச்சை அடித்திருக்கிறாள்.

பிறகு எங்கள் கடைக்கு வந்தாள். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் காமிக்ஸ். பின்னால் மாமா, உள்ளங்கையில் பல். சொம்பையும் பல்லையும் என் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டினாள். சொம்பில் ரெண்டு நட்சத்திரம். பல்லில் நாலு நட்சத்திரம்.

“ஒலகத்துல பல்லுக்குப் பேர் வெட்டுறவன் எத்தன பேருண்ணா இருப்பான்?”

அந்தக் கேள்விக்கு நான் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். “கணக்கெடுத்ததில்லை” என்றேன்.

“எங்கம்மா நாலு கடை ஏறி எறங்குனா. அஞ்சாவது கடையில இந்தப் பொஸ்தகத்தக் காட்டி, ‘இது நீதான?’ன்னு கேட்டிருக்கறாங்க. அவ ஊட்டுக்கு வந்து இன்னா சொன்னா தெரியுமா? ‘நம்ம விக்ரமன் நல்லா வரஞ்சிருக்கறான்டி, யாரோ அவன்கிட்ட தப்பா சொல்லியிருக்கறாங்க’ன்னா.”

கடையில் நைனா இருந்தார். மாமா இருந்தார். மாமா பல்லை வாயில் போடாமலே நின்றார். நைனா என் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.

அதனால்தான் இந்தத் தாள். நாற்பது பேருக்கும் போன புத்தகத்தைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் நாற்பதிலும் இதைச் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும் என்பது மோனிகாவின் தீர்ப்பு. அவள் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதினாலாம் பக்கத்துக்கு வேறு பக்கமும் வரைந்து கொடுத்துவிட்டேன், அதில் குற்றவாளிக்கு என் முகம். “இது யாரு, சினிமாக்காரனா?” என்றாள். தாடையைக் கொஞ்சம் சரிசெய்திருந்தேன். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

மாமா நாகம்மாக்காவை வேலைக்கு வரச்சொல்லிவிட்டார், வீட்டுக்கே போய். “அந்தத் தம்பி வாயால சொல்லட்டும். நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். அப்பறம் வர்றதா வேணாமான்னு நான் சொல்றேன்” என்றாராம் அக்கா. இப்போது எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தப் பை. நான் எழுத எழுத, மோனிகா சத்தமாகப் படிக்கிறாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நாலு பேர் எடுக்காமல் நிற்கிறார்கள்.

சொல்லிவிடுகிறேன். சொக்கலிங்கம் மாமாவின் பல்லை எடுத்தவன் நான். நாகம்மாக்கா எடுக்கவில்லை, தொடவில்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு அவர் அழுகையை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அது தப்பு. எனக்கு டீ வாங்கித் தந்த கை அது. இனிமேல் எந்த மனுஷரின் கஷ்டத்தையும் படமாகப் பார்க்க மாட்டேன். இதை எழுதியதும் மனசு லேசாகிவிட்டது, நான் திருந்திவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

மோனிகா கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டாள். நாகம்மாக்கா என்னையே பார்க்கிறார். அழவில்லை. திட்டவும் இல்லை. கீழுதடு உள்ளே போகவில்லை, இந்த முறை தாடை லேசாக உயர்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுகிறது. இந்த முகத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. “அக்கா, ஒரே நிமிஷம், அப்படியே இருங்க” என்று மட்டும் சொன்னேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இந்த வரியை இடது கையால் எழுதுகிறேன், வலது கை வேலையாக இருக்கிறது.